இணைய வணிகங்களின் வருவாய் முறைகளும் அளவீடுகளும்

இணைய வணிக வருவாய் முறை என்பது, இணையம் வழியாகச் செய்தி, சேவை, பொருள் ஆகியவற்றை வழங்கும் ஒரு நிறுவனம் தனக்குரிய பணத்தை யாரிடமிருந்து, எதற்காக, எப்போது பெறுகின்றது என்பதைக் குறிக்கும். தொழிற்சாலையில் உருவாகும் பொருளுக்கு அதனை வாங்கிப் பயன்படுத்துபவரே விலை தருகின்றார். இணைய வணிகத்தில் பயன்படுத்துபவர் ஒருவராகவும் பணம் தருபவர் வேறொருவராகவும் இருப்பது வழக்கமாகும். தேடுபொறியில் ஒரு மாணவர் சொல்லொன்றைத் தேடும்போது அவர் எதுவும் செலுத்துவதில்லை. அப்பக்கத்தில் விளம்பரம் இட்ட நிறுவனம் செலுத்துகின்றது. இப்பிரிவின் காரணமாகவே இணைய வணிகங்களின் வெற்றியை அளவிடுவது சிக்கலான ஒன்றாக இருந்து வந்துள்ளது. வருகையாளர்களை எண்ணுவது எளிது. அவ்வெண்ணிக்கை பணமாக மாறுகின்றதா என்பது தனிக் கேள்வியாகும்.

தமிழ்நாட்டில் இவ்விரு வகை வணிகங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இயங்குகின்றன. திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்), ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் உருவாகும் கைபேசிகளே பலருக்கு இணையத்தின் வாயிலாக உள்ளன. அங்குள்ள ஒரு பெரிய ஆலையின் எழுச்சியும் மூடலும் இவ்வருவாய் முறைகளின் மாற்றத்தோடு தொடர்புடையவை.

தொழிற்சாலைக் கணக்கும் இணையக் கணக்கும்

திருப்பெரும்புதூர், சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் ஒரகடம் உள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் நிறுவனம் 1998-இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும், டைம்லர் சரக்குந்து ஆலை 2012-இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-இலும் செயற்படத் தொடங்கின. இவ்வாலைகளின் கணக்கு அடிப்படையில் ஒரே மாதிரியானது. ஆயிரத்து ஒன்றாவது வண்டியைச் செய்வதற்கும் எஃகு, உருளிப்பட்டை, வண்ணப்பூச்சு, மின்சாரம், ஆள்கூலி ஆகியவை வேண்டும். விற்பனை விலையிலிருந்து இச்செலவைக் கழித்தால் ஒரு வண்டியில் கிடைக்கும் இலாபம் தெரிந்துவிடும். எனவே எத்தனை வண்டிகள் செய்யப்பட்டன, எத்தனை விற்றன, எத்தனை பழுதுபட்டுத் திரும்பின என்று எண்ணினால் ஆலையின் நிலை பெருமளவுக்கு விளங்கிவிடும்.

இணையத்தளம் ஒன்றை உருவாக்க முதலில் பெருஞ்செலவு ஆகலாம். அதன்பின் ஆயிரத்து ஒன்றாவது பயனருக்கு அதே பக்கத்தைக் காட்டுவதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகமிகக் குறைவு. இதனால்தான் ஒரு சேவையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, வேறொரு வழியில் பணம் ஈட்டுவது இயலக்கூடியதாகின்றது. பொருளை வீட்டுக்கு அனுப்பும் மின்வணிகத்திற்கு இது முழுமையாகப் பொருந்தாது. அதற்குக் கிடங்கு, வண்டி, ஆள் எல்லாம் தேவை. ஒரகடம் பகுதியில் வாகன ஆலைகளுக்கு அருகிலேயே பெரும் சரக்குக் கிடங்குப் பூங்காக்கள் அமைந்திருப்பது இதனை நினைவூட்டும்.

நோக்கியா ஆலை

நோக்கியா நிறுவனத்தின் திருப்பெரும்புதூர் ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அக்காலத்தில் நோக்கியா உலகின் மிகப்பெரிய கைபேசி நிறுவனமாக இருந்தது; 2007 இறுதியில் உலகில் விற்ற கைபேசிகளுள் ஏறத்தாழ 40 விழுக்காடு அந்நிறுவனத்தினுடையவை. அதன் வருவாய் முறை தெளிவானது. கைபேசியைச் செய்து, செலவுக்கு மேல் விலை வைத்து விற்பது. வெற்றியின் அளவீடு விற்ற கைபேசிகளின் எண்ணிக்கையும் சந்தைப் பங்குமாகும்.

2008-இல் ஆண்ட்ராய்டு இயங்குதளத்துடன் முதற் கைபேசி வெளிவந்தது. இவ்வியங்குதளத்தை உருவாக்கிய கூகுள், கைபேசி செய்வோரிடம் அதற்கு உரிமக் கட்டணம் கேட்கவில்லை. கைபேசியில் கூகுள் தேடலும் பிற கூகுள் செயலிகளும் இருந்தால் போதும். தேடல் விளம்பரத்திலும், பின்னர் செயலிக் கடையின் தரகிலும் பணம் வரும் என்பது அதன் கணக்கு. கைபேசியை விற்றுப் பிழைக்கும் நிறுவனம் ஒன்று, கைபேசியின் மிக முக்கியமான உறுப்பை விலையின்றித் தரும் நிறுவனத்துடன் போட்டியிட வேண்டியதாயிற்று.

நோக்கியா இதனை உணராமல் இல்லை. 2007-இலேயே ஓவி என்னும் பெயரில் இணையச் சேவைகளை அறிவித்தது. 2009-இல் இந்தியாவில் லைஃப் டூல்ஸ் என்னும் சேவையைத் தொடங்கி, விளைபொருள் விலை, வானிலை, கல்வி போன்ற தகவல்களைச் சந்தா அடிப்படையில் குறுஞ்செய்தியாக வழங்கியது. விளம்பரத்தை நம்பாமல் எளிய பயனரிடமே சிறு தொகை பெறும் இம்முறை கவனத்துக்குரிய முயற்சி. ஆயினும் இவை கைபேசி விற்பனைக்கு ஈடான வருவாயாக வளரவில்லை. 2011 பிப்ரவரியில் நோக்கியா மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் ஃபோன் இயங்குதளத்தை ஏற்பதாக அறிவித்தது. கைபேசி நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் பெற்று வந்த மைக்ரோசாஃப்ட், 2014 ஏப்ரலில் சிறு திரைக் கருவிகளுக்கான அக்கட்டணத்தைக் கைவிட்டது. அதற்குள் சந்தை கைமாறியிருந்தது.

ஆலை மூடப்பட்டதற்கு உடனடிக் காரணம் வரி வழக்காகும். கைபேசிகளில் நிறுவப்பட்ட மென்பொருளுக்காகப் பின்லாந்திலுள்ள தாய் நிறுவனத்துக்குச் செலுத்திய தொகையில் வரி பிடித்தம் செய்யப்படவில்லை என்று வருமான வரித்துறை 2013-இல் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் கோரியது. நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தரவேண்டும் என்னும் நிபந்தனை நிறைவேறாததால் திருப்பெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. மைக்ரோசாஃப்ட்டுக்காகச் சிறிது காலம் ஒப்பந்த முறையில் இயங்கிய ஆலை, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. இளம்பெண்கள் பலர் உட்படப் பல ஆயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். வழக்கின் பொருளே மென்பொருளின் விலை என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு கைபேசியில் இரும்பும் நெகிழியும் எவ்வளவு, மென்பொருள் எவ்வளவு என்பதை அரசும் நிறுவனமும் வெவ்வேறு வகையாகக் கணக்கிட்டன.

திருப்பெரும்புதூரில் கைபேசித் தொழில் பின்னர் மீண்டது. தைவானைச் சேர்ந்த ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2019 முதல் இப்பகுதியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன்களைப் பொருத்தி வருகின்றது. நோக்கியா வளாகத்தைச் சால்காம்ப் நிறுவனம் பெற்றுக்கொள்வதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. ஐபோன் இரண்டு வருவாய் முறைகளையும் ஒருங்கே கொண்டது. கருவியின் விலையிலும் இலாபம் உண்டு. செயலிக் கடை, சந்தாக்கள் முதலிய சேவைகளிலும் உண்டு. 2024 நிதியாண்டில் ஆப்பிளின் கருவிகள் மீதான மொத்த இலாப விகிதம் ஏறத்தாழ 37 விழுக்காடு, சேவைகள் மீதானது ஏறத்தாழ 74 விழுக்காடு. இதில் மூன்றாவதாக ஒரு வருவாயும் அடங்கியுள்ளது. ஐபோனின் உலாவியில் கூகுளே இயல்பான தேடுபொறியாக இருப்பதற்காக, 2022-இல் மட்டும் கூகுள் ஏறத்தாழ 20 பில்லியன் டாலரை ஆப்பிளுக்குச் செலுத்தியது அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளியானது. ஆலையில் கைபேசியைப் பொருத்தும் தொழிலாளரின் கூலி இத்தொகையைச் சார்ந்து அமைவதில்லை. அது பொருத்தப்படும் கருவிகளின் எண்ணிக்கையையும் ஒப்பந்த விலையையும் சார்ந்தது.

விளம்பரம்

இணையத்தில் பட்டை விளம்பரம் 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு என்னும் அமெரிக்க இணைய இதழில் தொடங்கியதாகக் கொள்ளப்படுகின்றது. தொடக்கத்தில் நாளிதழ் முறையைப் பின்பற்றி, விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்படுவதற்கு இவ்வளவு என்று விலை பேசப்பட்டது. 1998-இல் கோடூ என்னும் தேடுபொறி, விளம்பரத்தைச் சொடுக்கினால் மட்டுமே கட்டணம் என்னும் முறையை ஏலத்துடன் இணைத்தது. 2000-இல் தொடங்கிய கூகுளின் ஆட்வேர்ட்ஸ் 2002-இல் இம்முறைக்கு மாறியது. அதிக விலை கேட்பவரின் விளம்பரமே மேலே வரும் என்பதோடு நில்லாது, எந்த விளம்பரத்தை மக்கள் அதிகம் சொடுக்குகின்றனர் என்பதையும் கூகுள் கணக்கில் சேர்த்தது. சொடுக்கினால்தான் பணம் என்பதால், யாரும் சொடுக்காத விளம்பரம் உயர்ந்த விலைக்கு இருந்தும் பயனில்லை.

பிற இணையத்தளங்களும் கூகுள் விளம்பரங்களைத் தாங்கி வருவாயில் பங்கு பெறும் ஆட்சென்ஸ் திட்டம் 2003-இல் வந்தது. தமிழ்த் தளங்களைப் பொறுத்தவரை இது நெடுங்காலம் எட்டாக்கனியாக இருந்தது. ஆட்சென்ஸ் ஏற்கும் மொழிகளின் பட்டியலில் தமிழ் 2018 பிப்ரவரியில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் தமிழில் எழுதியோர் பலர் ஊதியம் கருதாது எழுதியதற்கு ஆர்வம் மட்டுமே காரணமன்று. ஊதியம் பெறும் வழியும் இல்லை.

வழி திறந்த பின்னரும் தொகை பெரிதன்று. எடுத்துக்காட்டாக, ஒரு தளத்தின் பக்கங்கள் மாதம் 1,00,000 முறை பார்க்கப்படுகின்றன என்றும், பக்கத்துக்கு ஒரு விளம்பரம் உள்ளது என்றும், 200 பார்வைகளில் ஒன்று சொடுக்காகின்றது என்றும், ஒரு சொடுக்குக்கு விளம்பரதாரர் 2 ரூபாய் தருகின்றார் என்றும் கொள்வோம். 500 சொடுக்குகளுக்கு 1,000 ரூபாய் ஆகும். உள்ளடக்க விளம்பரங்களில் 68 விழுக்காட்டைத் தள உரிமையாளருக்குத் தருவதாகக் கூகுள் 2010-இல் வெளியிட்டது. அதன்படி அவருக்கு 680 ரூபாய் கிடைக்கும். அதே இலட்சம் பார்வைகள் காப்பீடு அல்லது கடன் பற்றிய ஆங்கிலப் பக்கத்துக்கு வந்திருந்தால் சொடுக்கின் விலை பன்மடங்காக இருக்கக்கூடும். ஆகவே பார்வை எண்ணிக்கை ஒன்றையே கொண்டு இரு தளங்களை ஒப்பிடுவது பிழையாகும்.

காணொளியில் நிலைமை சற்று வேறுபட்டது. யூடியூப் தளம் நீண்ட காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டை ஆக்கியோருக்கு வழங்குகின்றது. 2018 முதல் இதற்கு 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும் என்று வரையறுத்தது. புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூரிலிருந்து இயங்கும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. சமையலைக் காண மொழி தேவையில்லாததால் பிற நாட்டினரும் அதனைப் பார்க்கின்றனர். விளம்பர விலை பார்வையாளர் வாழும் நாட்டைப் பொறுத்து மாறுவதால் இது வருவாயிலும் எதிரொலிக்கும்.

சந்தா

பயனரே பணம் தரும் முறைக்குத் தமிழ்நாட்டின் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி.காம் நிறுவனமாகும். இதன் நிறுவனர் முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் பணியாற்றியபோது 1997-இல் தமிழர்களுக்கான இணையத்தளம் ஒன்றைத் தொடங்கினார். நாட்காட்டி, செய்தி எனப் பல பகுதிகள் கொண்ட அத்தளத்தில், மணமகன் மணமகள் தேடும் பகுதிக்கே மக்கள் மிகுதியாக வந்தனர். அப்பகுதி தனி வணிகமாயிற்று. தமிழ் மேட்ரிமோனி, பாரத் மேட்ரிமோனி முதலியன இதன் தளங்கள். 2006-இல் யாகூ, கேனான் பார்ட்னர்ஸ் ஆகியவை முதலீடு செய்தன. 2017 செப்டம்பரில் பங்கு ஒன்று 985 ரூபாய் விலையில் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டு, நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது.

இத்தளத்தில் பதிவு செய்வதும் பிறர் விவரங்களைப் பார்ப்பதும் இலவசம். பிடித்தவரின் தொலைபேசி எண்ணைப் பெற்றுத் தொடர்புகொள்ளக் கட்டணம் செலுத்த வேண்டும். இலவசமாகச் சேர்ந்தோர் மிகுதியாக இருந்தால்தான் கட்டணம் செலுத்துவோருக்குத் தெரிவு இருக்கும். ஆகவே பணம் தராத பயனர் இங்கு வீண்செலவு அல்லர். அவரே விற்பனைப் பொருளின் ஒரு பகுதி. கட்டணம் செலுத்துவோரின் எண்ணிக்கை, ஒருவர் சராசரியாகச் செலுத்தும் தொகை, மொத்தமாக வசூலான தொகை ஆகியவற்றை நிறுவனம் காலாண்டுதோறும் வெளியிடுகின்றது. வசூலும் வருவாயும் ஒன்றல்ல. ஆறு மாதச் சந்தாவை ஒருவர் முதல் நாளிலேயே செலுத்திவிட்டாலும், கணக்கியல் முறைப்படி மாதந்தோறும் ஆறில் ஒரு பங்கே வருவாயாகப் பதியப்படும். எஞ்சியது செய்து முடிக்க வேண்டிய சேவைக்கான கடனாகவே நிற்கும்.

திருமணச் சேவைக்கே உரிய ஒரு முரண் உண்டு. நாளிதழ்ச் சந்தாதாரர் மனநிறைவு அடைந்தால் சந்தாவைப் புதுப்பிப்பார். இங்கு மனநிறைவு அடைந்தவர் திருமணம் செய்துகொண்டு நீங்கிவிடுவார். நிறைவு அடையாதவரே புதுப்பிப்பார், அல்லது போட்டித் தளத்துக்குச் செல்வார். வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் விகிதம் என்னும் வழக்கமான அளவீடு இங்கு தலைகீழாகப் பொருள்படும். ஆண்டுதோறும் புதியவர்களைத் தேட வேண்டியிருப்பதால் தொலைக்காட்சி, இணைய விளம்பரங்களுக்கான செலவு நிறுவனத்தின் பெருஞ்செலவுகளுள் ஒன்றாக உள்ளது. திருமண மண்டபம், திருமணப் பணியாளர் ஏற்பாடு ஆகிய சேவைகளில் நிறுவனம் இறங்கியதை, நீங்கிச் செல்லும் வாடிக்கையாளரிடம் இறுதியாக ஒருமுறை வருவாய் பெறும் முயற்சியாகக் கருதலாம். சாதி, உட்சாதி வாரியாகத் தனித் தளங்கள் அமைத்தது வணிக நோக்கில் சந்தையைப் பகுப்பதாக இருந்தாலும், சாதிப் பிரிவினையை இணையத்திலும் நிலைநிறுத்துகின்றது என்னும் விமர்சனத்துக்கு உள்ளானது.

வாயிற்காவலர்களுடனான வழக்குகள்

சந்தா நிறுவனமும் விளம்பர நிறுவனமும் மோதிக்கொண்ட வரலாறு இதே நிறுவனத்தில் காணக்கிடைக்கின்றது. பாரத் மேட்ரிமோனி என்று கூகுளில் தேடுவோருக்குப் போட்டித் தளங்களின் விளம்பரங்கள் காட்டப்படுவதை எதிர்த்து, அப்போது கான்சிம் இன்ஃபோ என்னும் பெயரில் இயங்கிய இந்நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. இச்சொற்கள் பொதுவான விவரிப்புச் சொற்கள் என்னும் நோக்கில் 2010-இல் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. தன் பெயரைத் தேடி வருவோரைத் தன்னிடம் வரவழைக்கவே தேடுபொறிக்குப் பணம் செலுத்த வேண்டிய நிலை தொடர்ந்தது. 2012-இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிடப்பட்டது. 2018 பிப்ரவரியில் ஆணையம் தேடல் முடிவுகளில் தன் சேவைகளுக்குச் சாதகமாக நடந்ததற்காகக் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. எனினும் தேடுசொல் விளம்பரம் பற்றிய முறையீட்டை அது ஏற்கவில்லை.

கைபேசிச் செயலிகள் பெருகியபின் பூசல் செயலிக் கடையின் தரகுக்கு இடம்பெயர்ந்தது. செயலிக்குள் விற்கப்படும் மின்னிலக்கச் சேவைகளுக்குக் கூகுள் 15 முதல் 30 விழுக்காடும், பிற கட்டண முறையையும் அனுமதிக்கும் ஏற்பாட்டில் 11 முதல் 26 விழுக்காடும் கோரியது. செலுத்த மறுத்த சில இந்திய நிறுவனங்களின் செயலிகளை 2024 மார்ச் 1 அன்று கடையிலிருந்து நீக்கியது. அவற்றுள் பாரத் மேட்ரிமோனியும் ஒன்று. ஒன்றிய அரசு தலையிட்டபின் சில நாட்களில் அவை மீண்டும் இடம்பெற்றன. ஆண்ட்ராய்டு இலவசமாகக் கொடுக்கப்பட்டது எதற்காக என்பதை இந்நிகழ்வு பலருக்கும் விளக்கியது.

தரகும் தொடர்பு விற்பனையும்

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற சந்தைத் தளங்கள் விற்பனையாளரிடம் தரகு, கிடங்குக் கட்டணம், விளம்பரக் கட்டணம் ஆகியவற்றைப் பெறுகின்றன. அயல்நாட்டு முதலீடு பெற்ற மின்வணிக நிறுவனம் சந்தைத் தளமாகவே இயங்கலாம், தானே சரக்கு வைத்து நுகர்வோருக்கு நேரடியாக விற்கக்கூடாது என்பது இந்திய விதி. இத்தகைய தளங்கள் அடிக்கடி பறைசாற்றும் அளவீடு மொத்த விற்பனை மதிப்பு எனப்படும். தளத்தின் வழியே விற்ற பொருட்களின் விலை முழுவதும் இதில் அடங்கும். 1,000 ரூபாய்ப் பொருள் விற்று 100 ரூபாய் தரகு கிடைத்தால், விற்பனை மதிப்பு 1,000. வருவாய் 100 மட்டுமே. அப்பொருள் திருப்பி அனுப்பப்பட்டால் வருவாய் போய்விடும், வண்டிச் செலவு மிஞ்சும்.

கருவியை மலிவாக விற்றுப் பின்னர் சேவையில் ஈட்டுவது மற்றொரு வகை. அமேசானின் நிறுவனர் ஜெஃப் பெசோஸ், தம் மின்னூல் கருவிகள் அடக்க விலைக்கே விற்கப்படுவதாக 2012-இல் கூறினார். அந்நிறுவனம் ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனம் மூலம் சென்னையில் ஃபயர் டிவி கருவிகளைச் செய்யவிருப்பதாக 2021-இல் அறிவித்தது.

ஹுண்டாய், ரெனோ, நிசான் வண்டிகளைப் பற்றிய விவரங்களைத் தரும் மகிழுந்துத் தளங்கள் பெரும்பாலும் புதிய வண்டியைத் தாமே விற்பதில்லை. வாங்க விரும்புபவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முகவர்களுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் கொடுத்துக் கட்டணம் பெறுகின்றன. 1996-இல் தொடங்கிய இந்தியாமார்ட் தளத்தில் வாங்குவோருக்குக் கட்டணமில்லை. உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறை போன்ற விற்போர், விசாரணைகளைப் பெறுவதற்காக ஆண்டுச் சந்தா செலுத்துகின்றனர். பட்டறை உரிமையாளரைப் பொறுத்தவரை எத்தனை விசாரணைகள் வந்தன என்பதன்று, எத்தனை கொள்முதல் ஆணைகளாக மாறின என்பதே அளவீடு. தளத்தின் அளவீடும் அதற்குப் பணம் தருபவரின் அளவீடும் இவ்வாறு வேறுபடும்போது சந்தா புதுப்பிக்கப்படாமல் போகும்.

மென்பொருள் வாடகை

மென்பொருளைக் குறுந்தட்டில் விற்காமல் இணையம் வழியாக மாத வாடகைக்குத் தரும் தொழிலில் சென்னை முக்கிய இடம் வகிக்கின்றது. 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கிய ஸோகோ, வெளி முதலீடு பெறாமல் வளர்ந்தது. இலவசச் சேவைகளிலும் அது விளம்பரம் இடுவதில்லை. 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து, 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டு ஒரு பில்லியன் டாலருக்கு மேல் திரட்டியது. அப்போது அதன் பழைய வாடிக்கையாளர்கள் செலுத்தும் தொகை ஓராண்டில் எவ்வாறு மாறியது என்பதைக் காட்டும் விகிதம் 118 விழுக்காடு. முந்தைய ஆண்டு 100 டாலர் செலுத்தியோர், விலகியவர்களையும் கழித்தபின், 118 டாலர் செலுத்தினர் என்பது இதன் பொருள். அவ்வாண்டு நிறுவனம் நிகர நட்டத்தில் இருந்தது. முதலீட்டாளர்கள் நட்டத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு இவ்விகிதமும் ஒரு காரணமாகும். பங்கு விற்காத ஸோகோவுக்கு இத்தகைய விகிதத்தை எவருக்கும் காட்ட வேண்டிய தேவை எழவில்லை.

அளவீடுகள்

தொடக்ககாலத் தளங்கள் ஹிட் எனப்படும் கோப்பு வேண்டுகோள்களை எண்ணின. ஒரு பக்கத்தில் பத்துப் படங்கள் இருந்தால் ஒருவர் ஒருமுறை பார்த்தாலே பதினொரு ஹிட்கள் பதிவாகும். இதனால் இவ்வளவீடு மதிப்பிழந்தது. பின்னர் பக்கப் பார்வை, தனிப் பயனர், மாதாந்தப் பயனர், நாளாந்தப் பயனர் என்பன வழக்கிற்கு வந்தன.

பக்கப் பார்வைகளுக்கு விலை வைப்பதன் இடரைச் சென்னை நிறுவனம் ஒன்றின் வரலாறு காட்டுகின்றது. சத்யம் இன்ஃபோவே (பின்னர் சிஃபி) 1999 அக்டோபரில் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட முதல் இந்திய இணைய நிறுவனமாகும். அடுத்த மாதமே மும்பையைச் சேர்ந்த இந்தியாவேர்ல்டு தளங்களை 499 கோடி ரூபாய் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது. சமாச்சார், கேல், கோஜ், பாவர்ச்சி எனும் இத்தளங்களுக்கு வெளிநாடுவாழ் இந்தியர் உள்ளிட்ட பெரும் வாசகர் கூட்டம் இருந்தது. ஆனால் ஆண்டு வருவாய் இவ்விலையின் மிகச் சிறு பகுதியே. 2000 மார்ச்சில் நாஸ்டாக் குறியீடு உச்சத்தை எட்டிச் சரியத் தொடங்கியபின், பார்வைகளுக்குக் கொடுத்த விலையின் பெரும்பகுதியைச் சிஃபி தன் கணக்கேடுகளிலிருந்து கழிக்க நேர்ந்தது. அந்நிறுவனம் நிலைத்ததற்குக் காரணம் வேறு. நிறுவனங்களுக்கு இணைப்பு வழங்குதல், ஐவே உலாவல் மையங்கள், பின்னர் தரவு மையங்கள் எனப் பயன்படுத்துபவரே பணம் தரும் தொழில்களில் அது ஊன்றியது.

இன்று பரவலாகப் பயன்படும் அளவீடு, ஒரு வாடிக்கையாளரைப் பெற ஆகும் செலவையும் அவர் வாழ்நாளில் தரும் தொகையையும் ஒப்பிடுவதாகும். 10 இலட்சம் ரூபாய் விளம்பரத்தில் 500 பேர் சந்தா செலுத்தினால் ஒருவருக்கான செலவு 2,000 ரூபாய். அவர் மொத்தமாக 4,000 ரூபாய் தந்து, அவருக்குச் சேவை வழங்க 1,500 ரூபாய் ஆனால், 500 ரூபாய் மிஞ்சும். எளிதாகத் தோன்றினும், வாழ்நாள் தொகை என்பது எதிர்காலம் பற்றிய கணிப்பே. வாடிக்கையாளர் மூன்று ஆண்டுகள் இருப்பார் என்று ஓராண்டு வயதுடைய நிறுவனம் கணக்கிடுவதை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். பெருந்தள்ளுபடி அறிவித்துச் சேர்த்த வாடிக்கையாளர்கள் தள்ளுபடி நின்றதும் நீங்குவது பொதுவாகக் காணப்படும் ஒன்று. 2016 செப்டம்பரில் ஜியோ வருகையால் இந்தியாவில் தரவுக் கட்டணம் வீழ்ந்தபோது, பல சேவைகளின் பயனர் எண்ணிக்கை அவற்றின் சொந்த முயற்சியின்றியே உயர்ந்ததும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

வரி

பயனர் ஒரு நாட்டிலும் பணம் பெறும் நிறுவனம் வேறு நாட்டிலும் இருக்கும்போது வரி எங்கு சேரும் என்னும் கேள்வி எழுகின்றது. இந்தியாவில் அலுவலகம் இல்லாத வெளிநாட்டு நிறுவனங்கள் பெறும் இணைய விளம்பரத் தொகை மீது 2016 சூனில் 6 விழுக்காடு சமன்படுத்தும் தீர்வை விதிக்கப்பட்டது. 2020-இல் மின்வணிகத்தின் மீது 2 விழுக்காடு சேர்க்கப்பட்டு, 2024 ஆகத்து முதல் நீக்கப்பட்டது. விளம்பரம் மீதான தீர்வையும் 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. திருப்பெரும்புதூர் ஆலையின் மென்பொருள் வழக்கு, இந்திய, பின்லாந்து அரசுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தை வழியாக 2018-இல் தீர்க்கப்பட்டது. அப்போது ஆலை மூடப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.